நீலக் கோடு போட்ட வெள்ளைக் கப்

என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு வெள்ளைக் கப் இருக்கிறது. கைப்பிடி கொஞ்சம் கோணல். உள்பக்கம், பாதி உயரத்தில், சுற்றிலும் ஒரு நீலக் கோடு ஓடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அதை எடுத்துக் காபி ஊற்றப் போனால் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுவேன். ஏன் என்று கேட்டால் விரிசல் விட்டிருக்கிறது என்பேன். விரிசல் எதுவும் கிடையாது, அப்பா செய்த கப்பில் விரிசல் வராது. என் அக்கா ரத்தம் துப்புவதற்காக அவர் செய்த கப் அது.

அக்காவைச் சின்ன வயதில் முத்தமிட்டால் உதட்டில் உப்புக் கரிக்கும். வெயில் நாளில் அவள் நெற்றியில் வியர்வை காய்ந்து வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். வேறு ஊராக இருந்திருந்தால் யாராவது இது என்ன என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் இருந்தது விருத்தாசலம். அப்பா செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தார். அவர் சட்டையோடு வெள்ளைக் களிமண் தூசியும் தினம் வீட்டுக்கு வரும், பாயில், பாத்திரத்தில், எங்கள் தலைமுடியில் எல்லாம் படியும். அதனால் அக்காவின் நெற்றியில் இருந்ததையும் அம்மா முந்தானையால் துடைத்துவிட்டு, வேலைவிட்டு வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்றி உதறுங்கள் என்று அப்பாவைத்தான் திட்டினாள். அக்கா இருமினால் தூசி என்றார்கள். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு தேறவில்லை என்றபோது பூச்சி என்றார்கள். பத்து வயதுக்கு மேல் டி.பி. என்றார்கள். இரண்டு தடவை, ஆறு ஆறு மாதம், அந்த மாத்திரைகளையும் விழுங்கினாள். அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய் என்று வந்தது அப்போதுதான்.

கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர்தான் அம்மா பேச்சுவாக்கில் சொன்ன உப்பைப் பிடித்துக்கொண்டு வியர்வையைச் சோதிக்கச் சொன்னார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பேர் சொன்னார். பிறவியிலேயே வருவது, நெஞ்சில் சளி கோந்து மாதிரி இறுகிக்கொண்டே இருக்கும், அடுத்தவருக்கு ஒட்டாது, முழுசாகக் குணமாகாது. அம்மா கடைசி வார்த்தையைக் கேட்டு அழ ஆரம்பித்தாள். அக்காவுக்கு அதற்கு முந்தின வார்த்தைதான் காதில் விழுந்தது. "ஒட்டாதுங்களா டாக்டர்? நிஜமாவே ஒட்டாதுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் என் தட்டிலிருந்து ஒரு கை சோறு எடுத்துத் தின்றாள். நான் அவளை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை.

சளியை இளக்க காலையிலும் சாயங்காலமும் முதுகில் தட்ட வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு, விலா எலும்பின் மேல், இடப் பக்கம் கால் மணி, வலப் பக்கம் கால் மணி. அவள் கட்டிலில் தலையைத் தாழ்த்திக் குப்புறப் படுத்துக்கொண்டு, "மாவு பிசையறவ மாதிரி தட்டாதடி, நெஞ்சுல இருக்கறது வெளிய வரணும், உள்ள போவக் கூடாது" என்று கேலி பேசுவாள். எனக்குக் கோபம் வரும். சினிமாவுக்குப் போக முடியாது, சித்தி வீட்டில் இரண்டு நாள் தங்க முடியாது, சாயங்காலம் ஆனால் இவள் முதுகு காத்திருக்கும். இந்தக் கோபத்தை நான் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறைக்கவில்லை என்று இப்போது தெரிகிறது, என் கை அவளுக்குச் சொல்லியிருக்கும்.

முதல் தடவை ரத்தம் வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. டாக்டர் பதறவில்லை. சளியில் நூல் மாதிரி வந்தால் பரவாயில்லை என்றார். அதற்கு மேல் வருகிற நாளில் முதுகில் தட்டவே கூடாது, தட்டினால் புண் வாய் திறக்கும், போன் செய்து மாத்திரை கேளுங்கள் என்றார். ஒரே நாளில் அரை கப் அளவுக்குப் போனால் எதற்கும் காத்திருக்காமல் வண்டி பிடித்துக் கிளம்பி வந்துவிட வேண்டும். வெள்ளைப் பாத்திரத்தில் துப்பினால்தான் நிறமும் அளவும் தெரியும் என்றும் சொன்னார். அப்பா உடனே கேட்டார், "எந்த கப்புங்க?" டாக்டர் சிரித்துவிட்டார். ஆயுசு முழுக்கக் கப் செய்கிற மனிதர் வேறு எதைக் கேட்பார்?

அப்பா வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டார். டாக்டர் மில்லியில் சொன்ன அளவை மருந்து மூடியால் தண்ணீர் அளந்து, சுடாத கப்பின் உள்ளே நீல மையால் கோடு இழுத்தார். களிமண் சூளைக்குள் சுருங்கும். முதல் கப் சுட்டு வந்தபோது தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், அரை மூடி குறைந்தது. அதை வாசற்படியில் அடித்து உடைத்தார். இரண்டாவதும் சரிப்படவில்லை. மூன்றாவதுதான் இது. தண்ணீர் கோட்டில் வந்து நின்றதும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "இதுக்குக் கீழ இருந்தா நாம பயப்படவேணாம். இதத் தொட்டா ஓடிடணும். அவ்ளோதான்." அவர் மகளின் உயிரை அந்தக் கோட்டில் நிறுத்திவிட்டதாகவே நம்பினார். நாங்களும் நம்பினோம். ரத்தம் வந்த நாட்களில் அக்கா கப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "அப்பா, உங்க கோட்டுக்கு இன்னும் ரெண்டு வெரல் இருக்குது" என்பாள். அவர் தலையாட்டுவார், நான் அன்றைக்குத் தட்ட மாட்டேன். ஐந்து வருடம் இப்படி ஓடியது.

பிறகு எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எல்லாம் பேசி முடிக்கிற நேரம், மாப்பிள்ளையின் அத்தை கை கழுவப் பின்பக்கம் போனவர், துணி துவைக்கும் கல்லின் மேல் இருந்த வெள்ளைக் கப்பைப் பார்த்துவிட்டார். காலையில் அக்கா துப்பியது அடியில் இருந்தது. "வூட்டுல டி.பி. இருக்குதுன்னு சொல்லவே இல்லியே" என்றார். அம்மா அது அந்த நோய் இல்லை, ஒட்டாது என்று ஆரம்பிப்பதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். காபி ஆறி ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்தது. அக்கா உள்ளறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

அடுத்தது பெண்ணாடத்து வரன். அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அக்கா வெள்ளைக் கப்பைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள். நான் அப்போது தொழிற்பேட்டையில் ஒரு கப் யூனிட்டில் பேக்கிங் வேலை செய்துகொண்டிருந்தேன். "உங்க யூனிட்டுல காபிக்கொட்ட கலர்ல ஒண்ணு போடறாங்க இல்ல, உள்ளயும் அதே கலரு? செகண்ட்ஸ்னு ஒதுக்கிப் போடறதுல ஒண்ணு கொண்டாடி" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மறுநாளே கொண்டுவந்து கொடுத்தேன். அதில் எதைத் துப்பினாலும் நிறம் தெரியாது. கோடும் கிடையாது. "எவ்ளோ வந்துது?" என்று அப்பா கேட்டால் "கொஞ்சம்தாம்பா, நூலுதான்" என்பாள். எத்தனையோ வருடமாக உண்மை சொல்லியே பழகியவள் என்பதால் அவரும் நம்பினார். கல்யாணம் முடியட்டும், திரும்ப வெள்ளைக் கப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம், அக்காவும் நானும்.

நிச்சயம் ஆனது. மாதா கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் வழக்கப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்பார். முதல் ஞாயிறு அவர் அதைக் கேட்டபோது அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையை வாயில் அழுத்தி இருமலை அடக்கிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. வாசித்து முடிக்கும்வரை ஒரு சத்தம் வரவில்லை. வெளியே வந்ததும், "பாத்தியா, தட ஒண்ணுமில்ல" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

இரண்டாவது ஞாயிறு பூசை முடிந்து வந்து, நான் பின்பக்கம் போனேன். அக்கா அந்தக் கப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிமெண்டுத் தரையில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. நூல் இல்லை. நான் என்னக்கா என்றேன். "வெத்தல போட்டேன்டி" என்றாள். நிச்சயத்துக்கு வாங்கிய வெற்றிலை காய்ந்துபோய் அம்மா குப்பையில் கொட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. வீட்டில் வெற்றிலை இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. எழுத முடியவில்லை. அன்று சாயங்காலம் அவள் வழக்கம்போல் குப்புறப் படுத்தாள். தட்டாமல் இருந்தால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். தெரியும் என்றால் அப்பாவிடம் சொல்ல வேண்டும், பாண்டிச்சேரிக்கு ஓட வேண்டும், ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தால் பெண்ணாடத்தில் இருந்து பார்க்க வருவார்கள். எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும், அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். நான் தட்டினேன். இடப் பக்கம் கால் மணி, வலப் பக்கம் கால் மணி. அவள் அன்று கேலி பேசவில்லை. மறுநாளும் தட்டினேன். கல்யாணத்தன்று காலைகூட, மருதாணிக் கையால் தட்டினேன்.

கல்யாணத்துக்கு அவள் கருஞ்சிவப்புப் புடவைதான் வேண்டும் என்று அடம்பிடித்து எடுத்திருந்தாள். கைக்குட்டையும் அதே நிறம். போட்டோவில் என் பக்கத்தில் உதட்டை மூடிச் சிரித்தபடி நிற்கிறாள்.

மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு நானும் அவரும் வந்திருந்தோம். காலை பத்து மணி இருக்கும். அம்மா இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் இருமல் கேட்டது, பிறகு நிற்கவில்லை. நாங்கள் ஓடியபோது அவள் துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். புடவை, கல், தரை எல்லாம் ரத்தம். அப்பா உள்ளே ஓடினார். "கப்பு எங்க? கோடு போட்ட கப்பு எங்க?" என்று கத்திக்கொண்டு ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி, பழைய துணிகளை எல்லாம் இழுத்துக் கீழே தள்ளினார். அளக்க என்ன இருந்தது? ஆனால் அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். என் கணவர்தான் அவரை இறக்கி, கார் பிடித்து வந்தார்.

அக்காவைப் பின் சீட்டில் என் மடியில் சாய்த்துக்கொண்டேன். அவள் மூச்சுக்குத் தவித்தபோது என் கை தன்னால் குழிந்து, அவள் முதுகில் தட்ட ஆரம்பித்துவிட்டது. அத்தனை வருடப் பழக்கம். அவள் லேசாகத் தோளை அசைத்தாள். "தட்டாதடி" என்றாள். அவள் சொன்ன கடைசி வார்த்தை அது. பண்ருட்டி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

கர்த்தர் அழைத்துக்கொண்டார், இந்த நோய்க்காரர்கள் இவ்வளவு நாள் இருந்ததே பெரிது என்று ஆறுதல் சொன்னார்கள். டாக்டரும் அதையே கொஞ்சம் படித்த வார்த்தையில் சொன்னார். நான் யாரோடும் வாதாடவில்லை. நோய் அவளை ஒரு நாள் கொண்டுபோயிருக்கும், சரி. ஓலை வாசித்த அந்த மூன்று வாரத்தை யார் கணக்கில் எழுதுவது? எல்லாவற்றையும் ஒரு நாள் என் கணவரிடம் சொன்னேன். அவர், "முன்னாடியே சொல்லியிருந்தா நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார். நல்ல மனிதர், மனசில் பட்டதைத்தான் கேட்டார். அதைவிட அவர் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

போன மாதம் அப்பா வந்திருந்தார். கண் சரியாகத் தெரிவதில்லை, கையால் தடவித்தான் சாமான்களை எடுக்கிறார். தண்ணீர் குடிக்க அலமாரியில் துழாவி இந்தக் கப்பை எடுத்துவிட்டார். கோணல் கைப்பிடி பட்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் உள்ளே விரலை விட்டு, சுற்றித் தடவிப் பார்த்தார். அந்தக் காபிக்கொட்டை நிறக் கப்பைக் கொண்டுவந்தது யார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"அளவு சரியாத்தான் போட்டிருந்தேன், இல்ல பாப்பா?" என்றார்.

"சரியாத்தாம்ப்பா இருந்துது" என்றேன்.

கப்பைக் கழுவித் துடைத்துத் திரும்ப மேல்தட்டில் வைத்தேன். அந்த நீலக் கோட்டை ரத்தம் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.