அப்பாவின் பெயரில் ஒரு கோடை

எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கும் கலஹா பக்கத்தில் கோடை என்று ஒன்று கிடையாது. மழை பெய்யும், விடும், மறுபடி பெய்யும். அதனால் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எங்கள் பீடத்து அறிவிப்புப் பலகையில், இத்தாலியில் இரண்டு மாதக் கோடைகால மொழிப் பயிற்சி, செலவு முழுவதும் அவர்களுடையது என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது, மொழியைவிடக் கோடைதான் எனக்கு முதலில் பிடித்தது. கூட நின்றவர்கள் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். நான் அன்றைக்கே விண்ணப்பப் படிவம் வாங்கினேன். எனக்கு அப்போதும் கூச்சம் குறைவு, இப்போதும் குறைவு.

ஊர் சுற்றும் ஆசை மட்டும் காரணமில்லை. கண்டி வாவிக்கரையில் ஒரு சுற்றுலா நிறுவனம் இருந்தது. இத்தாலியிலிருந்து வருகிறவர்களை அழைத்துப் போக ஆள் கிடைக்காமல் அதன் முகாமையாளர் திண்டாடிக்கொண்டிருந்தார். "சர்ட்டிபிகேட்டோட வாங்க, அடுத்த நாளே வேலை" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அம்மா அப்போதும் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வீங்கி, பக்கத்துச் செடியைப் பிடித்துப் பிடித்துத்தான் மலை ஏறுவாள். கேட்டால், "செடி விழுந்துறாம புடிச்சுக்கிறேன்" என்று மழுப்புவாள். எனக்கு அந்த வேலை கிடைத்தால் அம்மா மலையிலிருந்து இறங்கலாம். என் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

படிவத்தை நிரப்ப உதவியவள் விடுதியில் என் அறையில் இருந்த சிங்களப் பெண். அவர்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர் முழுதாக நிற்கும், சொந்தப் பெயர் எழுத்தாகச் சுருங்கும். எங்கள் வழக்கம் தலைகீழ். அப்பா ஒற்றை எழுத்து, பிள்ளை முழுப் பெயர். "உன் குடும்பப் பெயர் என்ன?" என்று அவள் கேட்டாள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்று விளக்கப் பொறுமையில்லாமல் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அதை நீளப் பெட்டியில் முழுதாக எழுதினாள். என் பெயருக்கு ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் வைத்தாள். நானும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நான் போய் இறங்கிய ஊர் ஒரு குன்றின் மேல் இருந்தது. எங்கே போவதென்றாலும் படிக்கட்டு. வகுப்பில் இருந்த ஜெர்மன்காரர்களும் ஜப்பான்காரர்களும் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குவார்கள். எனக்குத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போவது போல்தான் இருந்தது. மொழியும் அப்படித்தான். இத்தாலியனில் மெய்யெழுத்துகள் இரட்டித்து ஒலிக்கும். அதற்கு மற்றவர்களின் நாக்கு படாத பாடு பட்டது. அம்மா, அப்பா, அக்கா, அண்ணா என்று வாய் திறந்தவளுக்கு அது ஒரு வேலையா? இரண்டாவது வாரமே சந்தையில் தக்காளி விற்கிறவளுடன் சண்டை போட எனக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் முதல் நாள் காலை நான் ஆடிப்போனது உண்மை. ஆசிரியை பெயர்ப்பட்டியலைப் படித்துக்கொண்டே வந்து, அப்பாவின் பெயரைக் கூப்பிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கதவருகில் நிற்பார் என்று ஒரு கணம் நம்பியிருப்பேன் போலிருக்கிறது. மறுபடி கூப்பிட்டாள். எழுந்து நின்றேன்.

அந்தப் பெயரை அதற்கு முன் எவரும் சத்தமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். தோட்டத்து லொறி ஓட்டியவர். ஆகவே ஊருக்கு அவர் லொறிக்காரர். அம்மா சொல்லும்போது 'உங்கப்பா'. என் பள்ளிக்கூடத்துக்கு ஓர் எழுத்து. அவரை நினைத்தால் எனக்கு நினைவு வருவது ஒரு காக்கிச் சட்டையும் பெற்றோல் வாசமும் மட்டுமே.

அந்தக் கோடை முழுவதும் அவர் என்னோடு படித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அந்தப் பெயர் வகுப்பில் ஒலிக்கும். அப்பா வீட்டுப்பாடம் கொண்டுவரவில்லை என்று திட்டு வாங்கினார். அப்பாவுக்கு இறந்தகாலம் நன்றாக வருகிறது, எதிர்காலம்தான் இடறுகிறது என்று ஆசிரியை கரும்பலகைக்கு அருகில் நின்று சொன்னாள். பின்வரிசையில் பேசிக்கொண்டேயிருக்கும் வாயாடி என்ற பெயரையும் அப்பாவே சுமந்தார். அந்தக் குற்றம் முழுக்க என்னுடையது.

ஐந்தாவது வாரம் அலுவலகத்துப் பெண் சுவரில் ஒரு பட்டியலை மாட்டினாள். சான்றிதழில் இப்படித்தான் அச்சாகும், பிழை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் திருத்துங்கள் என்றாள். பேனாவும் நூலில் கட்டித் தொங்கியது. அப்பாவின் பெயர் முழுதாகவும் நான் ஒற்றை எழுத்தாகவும் அதில் இருந்தோம். பேனாவைக் கையில் எடுத்தேன். திருத்தினால் திங்கட்கிழமையிலிருந்து என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். என் பெயரை நான் வாழ்நாள் பூராவும் கேட்கலாம். பேனாவை விட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போனேன். இதை முட்டாள்தனம் என்று சொல்கிறவர்களோடு நான் வாதாட மாட்டேன். ஆனால் எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது.

பரீட்சையில் சித்தியடைந்து ஊர் வந்து, மறுநாளே கண்டிக்குப் பஸ் ஏறினேன். முகாமையாளர் சான்றிதழை ஒரு முறையும் என் அடையாள அட்டையை இரண்டு முறையும் பார்த்தார். "இது ஆம்பளைப் பேராச்சே. உங்க பேரு எங்க?" என்றார். புள்ளி வைத்த எழுத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கொழும்பிலுள்ள தலைமைக் கந்தோர் இதை ஏற்காது, சான்றிதழில் இருப்பவரும் அட்டையில் இருப்பவரும் ஒருவர்தான் என்று தாயோ தகப்பனோ சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும், திங்கட்கிழமை இத்தாலியிலிருந்து ஒரு கூட்டம் வருகிறது, அதற்குள் கொண்டுவராவிட்டால் கொழும்பிலிருந்து ஒருவரை எடுத்துவிடுவார்கள் என்றார். அன்று வெள்ளிக்கிழமை. திரும்பும் பஸ்ஸில் எனக்கு என்மேலேயே கோபம் பற்றிக்கொண்டு வந்தது. என் ஆசைக்காக அம்மாவின் முழங்காலை அடகு வைத்துவிட்டேன்.

வீட்டில் ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மா கேட்டுவிட்டு, "உன் பேருக்கு என்னடி கொறைச்சல்? நான் பாத்துப் பாத்து வச்ச பேரு" என்றாள். பிறகு மெதுவாக, "அங்க எல்லாரும் அந்தப் பேரச் சொல்லியா கூப்புட்டாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே போய் நல்ல சேலையை எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை மடவளைக்குப் போனோம். சத்தியக் கடதாசிக்கு முத்திரை குத்தும் அதிகாரமுள்ள சமாதான நீதவான் என்று முகாமையாளர் சொல்லிவிட்ட முஸ்லிம் பெரியவர் அங்கே இரும்புக்கடை வைத்திருந்தார். ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் மேசை, மேசையில் முத்திரை. "இரிங்க, இரிங்க" என்று அம்மாவுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். விஷயத்தைக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், அம்மாவிடம் நிமிர்ந்து, "புள்ளட வாப்பாட பேரு?" என்று அப்பாவின் பெயரைக் கேட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரி, தபால் கந்தோர், தோட்டத்துக் கந்தோர், எங்கேயும் இப்படித்தான் நடக்கும். அவள் திரும்புவாள், நான் அந்தப் பெயரை எழுதிக் கொடுப்பேன். கடதாசிக்குக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"நீங்க எழுதப்படாது மகள். சத்தியம் பண்றது உம்மா. அவங்கட வாயால வரோணும்." பிறகு அம்மாவைப் பார்த்து இரக்கமாகவே சொன்னார்: "எங்கட ஊட்டுலயும் சொல்ல மாட்டாங்கதான். வெளங்குது. ஆனா நான் கேட்டுத்தான் எழுதோணும்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானை நுனியைத் திருகினாள். அவளை இந்த இடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தவள் நான். நான் எழுந்தேன். "வாம்மா, போவோம். வேற வேலை கெடைக்கும்."

"உக்காரு" என்றாள் அம்மா.

உட்கார்ந்தேன். அவள் அவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"புருஷன் பேரச் சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்னு சொல்லித்தான் என்னையக் கட்டிக் குடுத்தாங்க. கூட இருந்தது ஆறு வருசம். ஆறு வருசத்துல ஒருதடவகூட நான் வாயத் தொறக்கலங்க. இருந்தும் போயிட்டாரு."

பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னாள். எதிர்மலையில் நிற்கும் ஆளைக் கூப்பிடும் குரலில் சொன்னாள். கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுதி முடித்து, முத்திரையைக் குத்தி, "போதும் உம்மா" என்றார்.

அம்மா இன்னொரு தடவையும் சொன்னாள்.