குனிந்த தலை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், கடைசிக் காலத்து நோயாளிகளை வைத்துப் பார்க்கிற ஓர் இல்லத்தில் வேலை செய்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, முகம் மழிப்பது என் வேலை. வீட்டாரிடம் பேசுவது நர்சம்மா. எனக்கு அப்படிப் பேச வராது.

சுந்தரபாண்டியபுரத்துப் பெரியவர் ஒருவரைக் கொண்டுவந்தபோது வலியில் அவர் கண்ணே திறக்கவில்லை. போலீசில் இருக்கும் அவர் மகன் என்னை ஓரமாக அழைத்து, அப்பா வீடு திரும்புவாரா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் அதுவே பதில். இனி ஆகாது என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. மறுநாள் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து, ஆளுக்கொரு கரண்டி பாலை அவர் வாயில் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

மருந்தில் வலி அடங்கியது. பெரியவர் கஞ்சி கேட்டார், பிறகு சோறு. நோய் போகவில்லை, ஆனாலும் இனி வீட்டிலேயே இருக்கலாம், வாரம் ஒருமுறை நாங்கள் போய்ப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்சம்மா இதை விளக்கியபோது மகன் முகம் தெளியவில்லை. வராந்தாவில் என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க அன்னைக்குத் தலையக் குனிஞ்சதப் பாத்துத்தான் அப்பா கட்டில வேறொருத்தருக்குக் குடுத்துட்டேன். ஊரே பால் ஊத்திட்டுப் போயிருக்கு. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக் கூட்டிட்டுப் போக?"

அவர் கூட்டிப்போகாவிட்டால் பெரியவருக்குப் போக வேறு இடமில்லை. தப்பு என்னுடையது, தெரியாமல்தான் குனிந்தேன் என்று சொன்னேன். நோயாளி வீட்டாரிடம் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல்முறை.

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பெரியவர் குரல் கேட்டது. "பால் ஊத்தும்போது முழிச்சித்தாம்லே கெடந்தேன். ஒருத்தியும் சீனி போடல."

மகன் ஜன்னல் வழியே அப்பாவை எட்டிப் பார்த்தார். பிறகு, இரவலாக ஒரு கட்டில் கிடைக்குமா என்று கேட்டார்.

இல்லத்துக் கட்டில் ஒன்றை மாட்டிக் கொடுக்க நானும் வேனில் போனேன். பக்கத்து வீட்டார் வாசலில் நின்று பார்த்தார்கள்; யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியவரைப் படுக்க வைத்துவிட்டுக் கிளம்பும்போது மகன் பின்னால் வந்தார்.

"எத்தன நாளு இருப்பாவ அண்ணாச்சி?"

தலை குனியப் பார்த்தது. நிமிர்த்திக்கொண்டேன்.

"தெரியாது தம்பி. வலி மாத்திரைய மட்டும் நேரத்துக்குக் குடுத்துருங்க."