வெறும் பக்கத்துல நான் போட்ட கையெழுத்து

இன்னைக்கு உசிலம்பட்டி பஸ்ஸுல நம்ம ஊரு ஸ்கூல் ஹெச்.எம். டீச்சர் பக்கத்துலதான் எனக்கு சீட்டு.

"ஏன் டீச்சர், நம்ம ஸ்கூல மூடிட்டு பக்கத்து ஊரோட சேக்கப் போறாகளாமே?"

"ஸ்கூல் மேலாண்மைக் கமிட்டியில நீங்கதானக்கா சம்மதிச்சீங்க"ன்னு போன்ல தீர்மான நோட்டோட போட்டோவக் காட்டுனாக.

என் கையெழுத்துதான். அதுக்கு மேல நான் எப்பவும் போடுற பிள்ளையார் சுழியும் இருக்கு.

"அவசரம்க்கா, அப்புறமா எழுதிக்கிறேன்"னு போன கூட்டத்தன்னைக்கு வெறும் பக்கத்துல கையெழுத்து வாங்குனதும் இதே டீச்சர்தான். கோயில் பிரசாதம் மொதல்ல அவுகளுக்குத்தான் குடுப்பேன், அம்புட்டு நம்பிக்கை.

"படிச்சுப் பாத்துல்லக்கா போடணும்?"

"வெறும் பக்கத்துல என்னத்த டீச்சர் படிக்க?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாக.

இனி ஒண்ணாப்புப் பிள்ளைக மெயின் ரோட்டத் தாண்டி நடக்கணும்.

பிள்ளையார் சுழி போட்டு பள்ளிக்கூடத்த மூடுன ஆளு நான் ஒருத்திதானா, உங்க ஊருலயும் இருக்காகளா?