எட்டு மணி அண்ணன்

எங்கள் அரசு பம்ப் ஆலையில் அந்த வெல்டரை எல்லோரும் ‘எட்டு மணி அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிதான். பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் அவர் எட்டு மணிக்கு வந்ததில்லை. படுத்த படுக்கையாகிவிட்ட மனைவியைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வருவதற்குள் எட்டே கால் ஆகிவிடும். வந்துவிட்டால் சாயங்காலம் வரை தலை நிமிர மாட்டார். அவர் பற்றவைத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியாது.

வருகைப் பதிவேடு என் பொறுப்பு. அதில் அவருக்கு எட்டு மணி என்றே போடுவேன். ஆனால் எனக்கொரு கெட்ட புத்தி. உண்மையான நேரத்தை என் பாக்கெட் நோட்டில் தனியாகக் குறித்து வைப்பேன். எதற்கு? பின்னால் எவனாவது பிடித்தால் தப்பித்துக்கொள்ளத்தான். பெரிய யோக்கியன்!

ஆலையைத் தனியாருக்கு விற்றார்கள். புது மேனேஜர் எங்களைக் கூட்டி நிறுத்தினார். “உலகம் பூரா இதான் நடக்குது. ஃபோன், ரயில், துறைமுகம்னு நாட்டுக்கு நாடு அரசாங்கம் வித்துட்டு வருது. இனிமே பாதிப் பேர் போதும்.”

அன்று மத்தியானமே அவர் அறைக்குப் போய் நோட்டை மேசைமேல் வைத்தேன். அவர் கேட்கக்கூட இல்லை. நானாகப் போய்க் கொடுத்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. புரட்டிப் பார்த்தவர், “உங்கள மாதிரி ஆளுதான் வேணும்” என்றார். பொய்ப் பதிவு எழுதிய கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மறுவாரம் வந்த நீக்கப் பட்டியலில் ‘தினமும் தாமதம்’ என்ற காரணத்தோடு அண்ணன் பெயர் முதலில் இருந்தது. என் பெயர் இல்லை.

அவருடைய கடைசி நாள் காலையில் நான் வருகைப் பதிவு ஜன்னலைத் திறக்கும்போதே வெளியே நின்றிருந்தார்.

“என்னண்ணே, இவ்வளவு சீக்கிரம்?”

“பொண்ணு வந்திருக்கா, அவ பாத்துக்குறா.” குரலைத் தாழ்த்தினார். “தம்பி, எவனோ என்னைப் போட்டுக் கொடுத்துட்டான். நீ எனக்காக எட்டு மணின்னு எழுதினது உன் தலையில விடிஞ்சிடலையே?”

“இல்லண்ணே” என்றேன்.

“அப்பாடா! ரெண்டு நாளா அதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு.” பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். “இன்னிக்காவது உள்ளதை எழுது. ஏழு ஐம்பது.”

எழுதினேன். எண் கோணலாக விழுந்தது. அடித்துவிட்டுத் திருத்தப் போனேன்.

“பரவாயில்ல, விடு தம்பி” என்றார்.