திருகோணமலைக்கு அம்மா வந்த காலை

கடலுக்கடியில் கிடக்கும் கப்பலைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை. கம்பனியில் ஐந்து நாள் பயிற்சி, திருகோணமலையில் என்றுதான் சொன்னேன். கொழும்பு அலுவலகத்தில் என்னோடு வேலை செய்த மூன்று பேரிடம் வேறொரு பொய் சொல்லி வைத்திருந்தேன். கேகாலைப் பக்கம் எங்களுக்குச் சொந்தமாக ரப்பர் தோட்டம் இருக்கிறதாம். உண்மையில் அந்தத் தோட்டத்தில் அம்மா பால் வெட்டுகிறாள். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இரண்டு காம்பராதான் எங்கள் வீடு. அப்பா போன பிறகு அதிலும் அம்மா மட்டும்தான். இரண்டு பொய்களும் ஒன்றையொன்று சந்திக்கவே சந்திக்காது என்ற தைரியத்தில் நான் அந்த மூன்று பேரோடு வேனில் ஏறினேன்.

முதல் மூன்று நாள் நன்றாகவே போயிற்று. மலையிலிருந்து வழிகிற பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினால் எப்படியிருக்கும்? முதல் தடவை படகின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டேன். புறாத்தீவுப் பக்கம் பவளப்பாறைக்கு மேலே மிதந்தபோது பயம் போய்விட்டது. பச்சையும் நீலமுமாகக் கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கிற சத்தம் காதில் தெளிவாகக் கேட்டது. அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. அதனாலேயே எனக்கு அந்த இடம் ரொம்பவும் பிடித்திருந்தது. மேலே வந்தால்தான் தொல்லை. படகோட்டி தமிழில் கேட்டதற்கெல்லாம் சிங்களத்தில் பதில் சொன்னேன். வாயைத் திறந்தால் என் தமிழ் என்னை நேரே லயத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

நான்காம் நாள் கப்பலுக்குப் போனோம். பதினைந்து மீற்றர் ஆழத்தில் துருப்பிடித்துச் சரிந்து கிடந்தது. உடைந்த பக்கத்தின் வழியாக மீன்கள் கூட்டமாகப் போய் வந்துகொண்டிருந்தன. மற்றவர்கள் படம் எடுக்கிறார்களே என்று நானும் ஓர் ஓட்டைக்குள் தலையை நீட்டினேன். முகமூடி எதிலோ இடித்துத் தண்ணீர் உள்ளே வந்தது. படித்ததெல்லாம் மறந்துபோய் மேலே பாய்ந்தேன். அவ்வளவு வேகமாக வரவே கூடாது. மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. ஒக்சிஜன் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் பார்த்துவிட்டு, பயமில்லை, இனி இந்தப் பயணத்தில் கடலில் இறங்க வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

அவசரத்துக்கு அழைக்க ஓர் இலக்கம் வேண்டும் என்று முதல் நாளே படிவத்தில் எழுதச் சொல்லியிருந்தார்கள். யார் படிக்கப் போகிறார்கள் என்று அம்மாவின் இலக்கத்தை எழுதியிருந்தேன். எங்களுக்குக் கடலில் இறங்கப் பழக்கிய பயிற்சியாளர் நல்ல மனிதர். என்னிடம் சொல்லாமலே அம்மாவை அழைத்து விஷயத்தையும் விடுதியின் பெயரையும் சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. என் போனை அணைத்துப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை விடுதி விறாந்தையில் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கேற்றைத் திறந்துகொண்டு அம்மா வந்தாள். கையில் ஒரு சீத்தைத் துணிப் பை. சேலை ஓரத்தில் எத்தனை தடவை துவைத்தாலும் போகாத ரப்பர் பால் கறை. என்னைக் கண்டதும் கேற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என்னைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

யார் அது என்று பக்கத்தில் இருந்தவள் சிங்களத்தில் கேட்டாள். எங்கள் வீட்டில் வேலை செய்கிறவர், வீட்டிலிருந்து அனுப்பியிருப்பார்கள் என்றேன், நானும் சிங்களத்தில். யோசிக்கக்கூட இல்லை. அம்மாவுக்கு அது விளங்காது என்று நினைத்தேன் என எழுதினால் அது இன்னொரு பொய். நாட்டுச் சிங்களப் பெண்களோடு இருபத்தைந்து வருடமாகப் பால் வெட்டுகிறவள் அவள். என்னைவிட நல்ல சிங்களம் பேசுவாள்.

அம்மா வாயை மூடிக்கொண்டாள். பிறகு படிக்குக் கீழே வந்து நின்று, எஜமானியைச் சொல்கிற மாதிரி என்னை நோனா என்று சிங்களத்தில் சொன்னாள்: "நோனாவுக்குச் சுகமில்லைன்னு வீட்டுல கேள்விப்பட்டாங்க. பாத்துட்டு வரச் சொன்னாங்க."

என்னோடு வந்தவர்கள் அம்மாவுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். தோட்டத்துத் துரை பங்களாவில் நிற்கிற மாதிரியே ஓரமாக நின்று குடித்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களிலேயே கேவலமானது அப்படி உட்கார்ந்திருந்ததுதான்.

பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் நிலையத்தில்தான் அம்மா என்னைத் தொட்டாள். விரலிலிருந்து முழங்கை வரைக்கும் தடவிப் பார்த்தாள். தண்ணீர்ப் போத்தலை எடுக்கப் பையைத் திறந்தபோது உள்ளே என் பிறப்புச் சான்றிதழ் தெரிந்தது. அதற்குக் கீழே, நான் தீபாவளிக்கு வாங்கி இன்னும் உடுத்தாத சேலை.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

"போன்ல பேசுன அந்தத் தம்பி, ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க, வர வேணாம்னு சொல்லிச்சு," என்றாள் அம்மா. "நம்ம பக்கம் எதுக்கு அப்படிச் சொல்லுவாங்க?"

எங்கள் தோட்டத்தில் சாவுச் செய்தியைப் போனில் யாரும் சாவு என்று சொல்வதில்லை. கொஞ்சம் சுகமில்லை, பயப்பட வேண்டாம் என்பார்கள். கேட்டவர்கள் புரிந்துகொண்டு புறப்படுவார்கள். என் போனும் அணைந்து கிடந்ததில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்டு வாங்கச் சான்றிதழ், உடுத்திவிடச் சேலை. மூன்று பஸ் மாறி அவள் என் உடலை எடுக்க வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் நான் உயிரோடு உட்கார்ந்து, அவளை வேலைக்காரி என்கிறேன்.

எனக்கு அழுகை வந்தது. ஓங்கி ஓர் அறை கொடுத்திருந்தால் தாங்கியிருப்பேன். அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. பஸ்ஸின் படியில் கால் வைத்துவிட்டு, திரும்பிக் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"நான் பேசுனது சரியா இருந்துச்சா பாப்பா? அவங்களுக்குச் சந்தேகம் ஒண்ணும் வரலயே?"

"இல்லம்மா," என்றேன்.

விடுதிக்குத் திரும்பியபோது, உங்கள் வேலைக்காரருக்கு உங்கள் மேல் எவ்வளவு பாசம் என்று அவர்கள் சொன்னார்கள். ஆமாம் என்றேன்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. அம்மா இப்போது போன் எடுத்தால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன், "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்கிறாள். இல்லை என்றால் நான் பாப்பா. இருக்கிறார்கள் என்றால் நோனா. அப்படிக் கேட்க வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.