டாங்கியின் அடியில் தங்கிய தண்ணீர்

தண்ணீர் கலந்த டீசல் எரியும்போது வரும் வெள்ளைப் புகைக்குத் தனி வாடை உண்டு. தொண்டையில் ஒட்டிக்கொண்டு எச்சிலைக்கூட விழுங்கவிடாது. எழுபதைத் தாண்டிய இந்த வயதிலும் அந்த வாடை வந்தால் என் கை தானாக மூக்குக்குப் போகிறது. துடைத்துவிட்டு, விரலில் கறுப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

காஹாங் ஊரைத் தாண்டி உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். ஒன்பது மணிக்கெல்லாம் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த "லயத்து" வீடுகள் எல்லாம் இருண்டுவிடும். எனக்கு அந்த ஆண்டு மூன்றாம் படிவத் தேர்வு. தவறினால் பள்ளி முடிந்தது, அப்பாவோடு பனைக்குள் இறங்க வேண்டியதுதான். வீட்டில் இருந்த மண்ணெண்ணெய் அடுப்புக்கே போதாது. ஆகவே, பால் டின்னில் திரி போட்டு ஒரு விளக்கு செய்துகொண்டேன். அதற்கு எண்ணெயாக, செம்பனைப் பழக்குலை ஏற்றும் பழைய டிராக்டரின் டீசலைத் திருடினேன்.

டிராக்டர் ஓட்டியவர் வீரய்யா மாமா. உறவு இல்லை, டிராக்டர் கொட்டகையை ஒட்டி, டிரைவருக்கென்று விட்டிருந்த வீட்டில் இருந்தவர். டாங்கியின் மூடி எப்போதோ தொலைந்துபோய், ஒரு கந்தல் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார். நாளும் விடிந்ததும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து, கோடு போட்ட மூங்கில் குச்சியை அந்த வாய்க்குள் விட்டு அளந்து பார்ப்பார். டீசல் குறைந்தால் மாமாதான் பதில் சொல்ல வேண்டும். நானோ பள்ளியில் படித்தவன். எண்ணெய் மேலே மிதக்கும், குச்சியும் மேல்மட்டத்தைத்தான் காட்டும் என்று தெரிந்தவன். மாமா குளிக்கப் போகும் நேரம் பார்த்து ரப்பர் குழாயால் ஒரு "கிச்சாப்" போத்தல் டீசலை உறிஞ்சி எடுத்து, அதே போத்தலால் தண்ணீரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்துவிடுவேன். இரண்டு வாரம் இப்படியே போனது. என் கெட்டிக்காரத்தனத்தை எண்ணி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, குலை நிரம்பிய வண்டியோடு டிராக்டர் மேட்டில் ஏறும்போது வெள்ளையாகப் புகைந்து, இருமி, நின்றுபோனது. தண்ணீர் கொண்டு வரச் சொல்லி யாரோ கூப்பிட, நானும் வாளியோடு போனேன். அன்றே ஆலைக்குப் போகாவிட்டால் குலைகள் கெட்டுவிடும் என்று மண்டோர் குடையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"என்னா வீரய்யா, உன் பொண்டாட்டி மாதிரியே இதுவும் பாதியில நின்னுக்கிட்டு மொறைக்குது?"

"நீங்க எறங்கித் தள்ளிப் பாருங்க மண்டோரே, வயிறாச்சும் கொறையும்லா" என்றார் மாமா, நிமிராமலே.

குழாயில் காற்றுப் புகுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். வடிகட்டியின் மேல் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கும்வரை டீசலைக் கக்கவிட்டார். எஞ்சின் பிடித்தது, நான் மூச்சுவிட்டேன். நாலு முழம் ஏறுவதற்குள் மறுபடி செத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: சமதரையில் அடியில் பேசாமல் கிடந்த தண்ணீர், மேடேறும்போது சாய்ந்து எண்ணெய்க் குழாயின் வாய்க்கு வந்திருக்கிறது. மாமாவின் திருகுச் சாவி ஒவ்வொரு திருகாக, நான் செய்ததை நோக்கி நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஓடிவிட நினைத்தேன். ஓடினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று வாளியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வடிகட்டிக்குக் கீழே இருந்த கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினார். அடியில் பாசிமணிபோல் உருண்டன தண்ணீர்த் துளிகள். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு டாங்கியின் அடித்திருகைத் திறந்து ஒரு டின்னைப் பிடித்தார். டீசல் வரவில்லை. அரை டின்னுக்கு வெறும் தண்ணீர் வந்தது.

"டீசல வித்துப்புட்டு பச்சத் தண்ணிய ஊத்தி வச்சிருக்கியாயா?" மண்டோரின் குரலில் இப்போது கேலி இல்லை.

மாமா எங்களை எல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை என் முகத்தில் நின்றது. டீசல் விளக்கில் படித்தவனின் மூக்கோரம் எப்படி இருக்கும் என்று லயத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மூக்கக் கழுவிட்டு வாடா, மையா இருக்கு" என்றார். பிறகு மண்டோர் பக்கம் திரும்பி, "ரெண்டு நாளா மழைலா. துணி நனைஞ்சு உள்ள எறங்கிருக்கும். மூடி போடாதது என் தப்புதான்" என்றார்.

அரை டின் தண்ணீர் ஒரு துணி வழியாக இறங்காது என்று மண்டோருக்கும் தெரியும். நான் வாய்க்காலில் மூக்கைக் கழுவினேன். நான்தான் என்று சொல்ல இருபது அடி நடந்தால் போதும். நடக்கவில்லை. அப்பாவின் வேலையோடு எங்கள் வீடும் போய்விடும் என்று பயந்தேன் என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. தேர்வு போய்விடும் என்ற பயம்தான் பெரியது.

அடுத்த வாரம் அவரை டிராக்டரிலிருந்து இறக்கி, களைக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் போட்டார்கள். கொட்டகை வீடு புது டிரைவருக்குப் போனது. மருந்துபட்டு அவர் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நான் தேறினேன், படித்தேன், ஆசிரியரானேன். முதல் வேலையில் சேர்ந்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனபோது எதிரே வந்த மாமா, "வாங்க வாத்தியாரே" என்றார். 'வாடா' என்று அழைத்த மனிதர். அந்த 'ங்க'வில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் இறந்த செய்தி உலு திராமில் நான் வேலையில் இருந்தபோது வந்தது. விடுப்புக் கிடைக்கவில்லை என்றேன். நான் விடுப்பே கேட்கவில்லை.

இப்போது அங்கே லயம் இல்லை, கொட்டகை இல்லை. பழைய பனையை வெட்டி இரண்டாம் முறை நட்டுவிட்டார்கள். புது டிராக்டர்களின் டாங்கிக்குப் பூட்டுப் போட்ட மூடி இருக்கிறது. போன மாதம் செடெனாக்கில் என் தங்கை மகன் வாங்கிய பழைய டிராக்டர் ஒன்று வெள்ளையாகப் புகைந்து நின்றது. கைப்பேசியில் படம் பார்த்துப் பார்த்துக் காலை முழுதும் காற்றை எடுத்துக்கொண்டிருந்தான். பொறுக்க முடியாமல், "அடித்திருகத் தொறந்து வடிச்சுப் பாருப்பா" என்றேன். தண்ணீர் கொட்டியது.

"அலமாக்! மாமா, வாத்தியார் வேல பாத்த உங்களுக்கு இது எப்படித் தெரியும்?"

"எங்கயோ படிச்சேன்லா" என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

மருமகனே, நான் அதைப் படிக்கவில்லை. ஊற்றியவன் நான்.