அமாவாசை இட்லி

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன மறு வருடம் என் இடது கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. சர்க்கரை வியாதி என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அதற்கே திடுக்கிட்டுப் போயிருந்தேன். அடுத்துச் சொன்னது அதைவிட மோசம்.

"சோத்தை விடுங்க. இல்லேன்னா விரலை விடணும்."

அன்றே சோற்றை விட்டேன். காலையில் முட்டை, மதியமும் இரவும் மீன், கீரை, மோர். கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள், "ஏங்க, ஐயா வீட்டுல உலையே வைக்கிறதில்லையா? மீனாவே திங்கிறாரே!" என்று என் மனைவியிடம் சிரிப்பாள்.

தினமும் காலையில் சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக அளந்து விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பேன். நீலம் மாறாதிருந்தால் சர்க்கரை இல்லை. முதலில் செங்கல் நிறமாக இருந்தது, மஞ்சளாகி, பச்சையாகி, நீலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

அமாவாசைக்கு மறுநாள் காலை குழாய் மறுபடியும் செங்கல் நிறமானது.

மருந்து கெட்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நோயில்லாத ஒருவரை வைத்துச் சோதிப்பதே சரியான முறை. மனைவியிடம் ஒரு கிண்ணத்தை நீட்டி விவரம் சொன்னேன்.

"உங்களுக்கு என்ன பித்தா பிடிச்சிருக்கு? நல்ல நாளும் அதுவுமா!"

"அமாவாசை நேத்தே போயிடுச்சு. கொடேன்."

கொடுத்தாள். கொதித்தது. ஆகாயம் போல நீலமாகவே இருந்தது. மருந்தில் குறையில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலைங்க. அமாவாசை விரதம்."

"ராத்திரி?"

"பலகாரந்தாங்க. இட்லி."

"எத்தனை?"

"எட்டு. சர்க்கரை தொடலைங்க, மிளகாய்ப்பொடிதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இட்லி எதுல செய்யறாங்க உங்க வீட்டுல? கடற்கரை மணல்லயா?"

அரிசி என்று சொல்ல வாய் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அமாவாசையில் முட்டையும் மீனும் கிடையாது. இரவில் சோறு தொடாமல் பலகாரம் சாப்பிட்டால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் விரதம். பிறந்ததிலிருந்து அப்படித்தான். எதையும் சரிபார்த்தே செய்கிறவன் நான். இட்லிக்கு அரிசி ஊறுவதை வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அதைச் சோற்றோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து குழாயைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். "பட்ட பாடெல்லாம் போச்சு. இனிமே என்ன, சோறே போட்டுடு. வெட்டுறதா இருந்தா வெட்டட்டும்."

மனைவி வழக்கம் போல வெந்நீர் கொண்டுவந்து என் காலை மடியில் வைத்து விரலின் துணிக்கட்டை அவிழ்த்தாள்.

"ஏங்க, முன்னெல்லாம் இந்தத் துணியை நனைச்சு நனைச்சுப் பிய்ப்பேன், தெரியுமா? இப்ப தானா வருது பாருங்க. ஒரு ராத்திரி இட்லி தின்னீங்கன்னு இது திரும்பவும் பெரிசாயிடுச்சா? குனிஞ்சு பாருங்களேன்."

விரலை விடணும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து பயத்தில் புண்ணை நேராகப் பார்த்ததே இல்லை. குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்தேன். முதல் நாள் நெல்லிக்காய் அளவு என்று டாக்டர் சொன்ன இடத்தில் மிளகளவு சிவப்புதான் இருந்தது. நம்ப முடியாமல் விளக்கைக் கொண்டுவரச் சொன்னேன்.

"பட்டப்பகல்ல விளக்கு எதுக்குங்க? மீன் ஆறுது, எந்திரிங்க."

அடுத்த அமாவாசை இரவு எனக்குச் சுரைக்காய்க் கூட்டும் மோரும் மட்டும். அடுக்களையில் மற்றவர்களுக்காக இட்லிப் பானை ஆவிவிட்டது. எழுந்து போய் வாசலில் நின்றேன். பசி தூங்கவிடவில்லை. காலையில் குழாய் லேசான பச்சை.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டை அவிழ்த்து விரலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். புதுத் துணி எடுக்கக் கை நீட்டிய கம்பவுண்டரைத் தடுத்தார்.

"வேணாம். காத்துப் படட்டும்."

வெறும் விரலைப் பார்த்தபடி அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.